வெளித்தபால் தட்டு

கேன்டீனில் டீ ஊற்றுகிற அம்மாவுக்கு வாசல் செக்யூரிட்டி சொன்னாராம். செக்யூரிட்டிக்குத் துணைவேந்தரின் காரோட்டி சொன்னாராம். காரோட்டிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பின்சீட்டில் உட்கார்கிற பெரிய மனிதர்களுக்கு, முன்சீட்டில் இருப்பவருக்கும் இரண்டு காது உண்டு என்பது எப்படியோ மறந்துவிடுகிறது.

"கெமிஸ்ட்ரி ஸ்டோரையும் பயாலஜி ஸ்டோரையும் ஒண்ணாக்கப் போறாங்களாம்க்கா. சாமான் குடுக்க ரெண்டு ஜன்னல் எதுக்கு, ஒண்ணு போதுமேன்னு பேசிக்கிட்டு வந்தாங்களாம்."

"எந்த ஜன்னலை மூடுறாங்களாம்?"

"அதுக்குள்ள கார் போர்டிகோவுக்கு வந்துருச்சாம்."

ஸ்டோரக்கா டீயை வாங்கிக்கொண்டாள். "பேசட்டும், பேசட்டும். வாய் இருக்கு, பேசுறாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வேதியியல் கட்டிடத்தின் படியேறும்போதுதான் கோப்பையைக் கேன்டீன் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போய் எடுக்க மனம் வரவில்லை. அந்த அம்மா தன் முகத்தை இன்னொரு தடவை படிப்பதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

ஸ்டோரக்கா என்பது பேர் இல்லை என்பதே அந்தக் கட்டிடத்தில் பலருக்குத் தெரியாது. அவளைவிட வயதில் மூத்த பேராசிரியர்கள்கூட "ஸ்டோரக்கா, ஒரு பெட்டி கையுறை" என்றுதான் ஜன்னலில் தலையை நீட்டுவார்கள். ஊரில் பி.காம். படித்தவள். அந்தப் பட்டம் இந்த நாட்டில் செல்லாது என்று வேலைவாய்ப்பு அலுவலகக் கவுன்ட்டரில் இருந்தவன் சிரித்துக்கொண்டே சொன்னபோது, கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். பிறகு, குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து இந்தக் கட்டிடத்தின் அடித்தளத்தில் பீக்கர் கழுவினாள். கழுவிக் கழுவி உள்ளங்கைத் தோல் உரிந்தது. அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே வந்து, தரைத்தளத்தில் இந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எந்தச் சிலிண்டர் தீரப் போகிறது, எந்தப் புட்டியின் காலக்கெடு முடிந்தது, எந்த ஆராய்ச்சி மாணவன் குடுவையை உடைத்துவிட்டு மூச்சு விடாமல் இருக்கிறான், எல்லாம் அவளுக்கு அத்துபடி.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்தச் சிக்கலோடு ஜன்னலுக்கு வந்தாலும் முழுதாகச் சொல்லி முடிக்க விடமாட்டாள். பாதியிலேயே கையை உயர்த்தி, "விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள். பெரும்பாலும் பார்த்தும் கொள்வாள். அதனால்தான் அந்த வார்த்தைக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

சங்கத்தில் அவள் பல வருஷ உறுப்பினர்தான்; பிரதிநிதியானது மட்டும் கேட்டு வாங்கியதில்லை. ஆட்குறைப்பு வரப் போகிறது என்று முதல் சுற்றறிக்கை வந்த வாரம், சங்கம் கூட்டம் போட்டது. "வேதியியல் கட்டிடத்துக்குப் பிரதிநிதியா யாரு வர்றீங்க?" என்று செயலாளர் கேட்டார். உடனே எல்லாருக்கும் தங்கள் செருப்பைப் பற்றி ஆழ்ந்த யோசனை வந்துவிட்டது. பின்வரிசையில் குளிர் தாங்காமல் இருந்த ஸ்டோரக்கா, ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்காகக் கையைத் தூக்கினாள். கைதட்டல் அடங்கியபோது அவள் பிரதிநிதி. ஜன்னல் திறந்தேதான் இருந்தது.

வேலைநிறுத்தம் செய்யலாமா என்று உறுப்பினர்களிடம் ஓட்டுக் கேட்கிற நாள் வந்தது. அதற்கு ஒரு விதி இருந்தது. அந்த விதிதான் அவள் உயிரை எடுத்தது. வாக்குச்சீட்டு வீட்டுக்குத் தபாலில் வரும். டிக் அடித்து, கூடவே வரும் பச்சை உறையில் போட்டு, வெளியே எங்கோ இருக்கிற எண்ணும் அலுவலகத்துக்குத் தபாலிலேயே அனுப்ப வேண்டும். ஆமாம் என்பவர்கள் அதிகமாக இருந்தால் மட்டும் போதாது. உறுப்பினர்களில் பாதிப் பேராவது ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். பாதியைத் தொடாவிட்டால், போட்ட அத்தனை பேரும் ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் சீட்டெல்லாம் வெறும் காகிதம். வேலைநிறுத்தம் கிடையாது. நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு ஜன்னல்களை எண்ணிக் கழிக்கலாம்.

"அப்ப வீட்ல சும்மா உட்கார்ந்திருக்கிறவன்தான் உங்க எதிரி" என்றார் அவள் கணவர். அவர் பஸ் ஓட்டுகிறவர். பேசுவதும் அப்படித்தான், பிரேக் பிடிக்காமல். "எங்க டிப்போல இந்தச் சோலியே இல்ல. ஷெட்ல நின்னு கையைத் தூக்குடான்னா தூக்கிருவான். நீங்க படிச்சவங்க. உறைக்குள்ள போட்டு, ஒட்டி, யாருக்கும் தெரியாம..."

"அது சட்டங்க."

"சட்டம்தான். நான் என்ன, காதல் கடிதம்னா சொன்னேன்?"

அவள் சிரிக்கவில்லை. அன்று பகல் முழுவதும் மாடி மாடியாக ஏறி இறங்கிய கால் வலித்தது. ஒருவர் உறை வந்ததாகவே ஞாபகம் இல்லை என்றார். ஒருவர் வந்தது, ஆனால் குழந்தை அதில் படம் வரைந்துவிட்டது என்றார். ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம், இப்போது எதிலும் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று ஒரு ஆராய்ச்சியாளர் கதவைப் பாதி சாத்திக்கொண்டே சொன்னார். "ரகசிய ஓட்டுங்க, யாருக்குத் தெரியப் போகுது?" என்றால், "உங்களுக்குத் தெரியுமே" என்றார்.

இவர்களையெல்லாம் ஒரு தட்டில் வைத்தால், இரண்டாம் மாடி விரிவுரையாளரை மட்டும் தனியாக இன்னொரு தட்டில் வைக்க வேண்டும். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் பாதிக்குப்பாதி. மழை வருமா என்று கேட்டால்கூட, வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் சம அளவில் காரணம் சொல்லக்கூடியவர்.

"நிர்வாகத்துக்கும் நெருக்கடி இருக்கு இல்லையா ஸ்டோரக்கா? அதே சமயம் ஊழியர் பக்கமும் நியாயம் இருக்கு."

"ரெண்டையும் சீட்டுல எழுத முடியாது சார். ஒண்ணுலதான் டிக் போடணும்."

"அதனாலதான் போடாம இருக்கேன்."

"இல்லைன்னு வேணாப் போடுங்க சார். ஆனா போடுங்க. நீங்க போடாம இருக்கறது எங்க தலையில கல்லைப் போடுற மாதிரி."

"யோசிக்கிறேன்" என்றார் அவர். மறுநாளும் யோசித்தார். அதற்கடுத்த வாரமும் யோசித்தார்.

சலித்துப் போய்த்தான் அவள் அந்த வழியைக் கண்டுபிடித்தாள். ஸ்டோருக்கு வெளியே, வராந்தாவில், ஒரு மரத்தட்டு உண்டு. வெளித்தபால் தட்டு. அந்தக் கட்டிடத்தில் யாரும் தெருவில் தபால் பெட்டியைத் தேடிப் போனதாகச் சரித்திரம் இல்லை. மின்கட்டண உறையானாலும் சரி, பாஸ்போர்ட் விண்ணப்பமானாலும் சரி, மகளின் கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, போகிற போக்கில் அந்தத் தட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் துப்புரவுப் பணியாளர் அள்ளிக்கொண்டு போய் நிர்வாகக் கட்டிடத்துத் தபால் அறையில் கொடுப்பார். அது போய்விடும். எப்படிப் போகிறது என்று யாரும் யோசித்ததில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி.

"வெளிய தேடிப் போக வேணாம். நாளைக்கு உறையைப் பையில போட்டுக்கிட்டு வாங்க. நம்ம தட்டுல போட்டுட்டுப் போங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மந்திரம் போட்ட மாதிரி வேலை செய்தது. முதல் நாள் ஒன்றிரண்டு பச்சை உறை. பிறகு கொத்துக் கொத்தாக. குழந்தை படம் வரைந்த உறைகூட வந்தது. அதில் ஒரு யானையோ காரோ இருந்தது. கதவைப் பாதி சாத்திய ஆராய்ச்சியாளர், யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, திருடன் போலத் தட்டில் சொருகிவிட்டு ஓடினார். கடைசியில் பாதிக்குப்பாதியே இறங்கி வந்தார். உறையைத் தட்டில் போடவில்லை. ஜன்னல் வழியாக அவள் கையில் கொடுத்தார்.

"போட்டுட்டேன்" என்றார், ரத்ததானம் செய்துவிட்டு வந்தவர் மாதிரி.

"நல்லா இருங்க சார்" என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே தட்டில் வைத்தாள். தினமும் சாயங்காலம் தட்டு நிரம்பியது. தினமும் காலையில் காலியாக இருந்தது. காலித் தட்டைப் பார்த்தபடி ஸ்டோர்க் கதவைத் திறப்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி. வேறு எந்தக் கட்டிடத்திலும் இப்படி நடக்கவில்லை என்று செயலாளரே சொல்லியிருந்தார்.

டீயை மறந்துவிட்டு வந்த அன்றைக்கு ஓட்டெடுப்பு முடிய ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் மதியத்துக்குள் எண்ணும் அலுவலகத்தில் வந்து சேருகிற உறைக்குத்தான் மதிப்பு. ஜன்னல் செய்தி நெஞ்சில் முள்ளாக நிற்க, நாற்காலியில் உட்கார்ந்தாள். போன் அடித்தது. கண்ணாடிச் சாமான் அனுப்புகிற கம்பெனியிலிருந்து ஒரு பெண்.

"மேடம், உடைஞ்சு வந்த குடுவைக்கு மாத்து அனுப்பணும்னா நீங்க கையெழுத்துப் போட்ட தாள் வரணுமே. இன்னும் வரலியே?"

"அனுப்பி எவ்வளவு நாளாச்சும்மா! நானே தட்டுல போட்டேன்."

"எங்களுக்கு வரல மேடம். வேற எங்கயாவது..."

அந்தப் பெண் மேற்கொண்டு பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. ஸ்டோரக்கா வராந்தாவை எட்டிப் பார்த்தாள். தட்டு காலியாக இருந்தது. காலி என்றால் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

தபால் அறை நிர்வாகக் கட்டிடத்தின் அடித்தளத்தில், கொதிகலன் அறையைத் தாண்டி இருந்தது. அவள் அங்கே போய் நெடுநாள் ஆகியிருந்தது. கதவு பூட்டியிருந்தது. கம்பிவலை பதித்த சின்னக் கண்ணாடியில் ஒரு அறிவிப்பு: வெளித்தபால் இனி மாதக் கடைசியில் ஒரு முறை, ஒப்பந்த நிறுவனத்தால் எடுத்துச் செல்லப்படும். அறிவிப்புக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். கதவிலிருந்த துவாரம் வழியாகத் துப்புரவுப் பணியாளர் போட்டுவிட்டுப் போனதெல்லாம் உள்ளே ஒரு பெரிய கம்பிக்கூண்டில் விழுந்து கிடந்தது. பழுப்பு, வெள்ளை, நடுவில் பச்சை. பச்சை, பச்சை, பச்சை. மேலாக, அந்த யானை. இல்லை, கார்தான் அது. இப்போது தெளிவாகத் தெரிந்தது.

 துவாரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை.

வாசலுக்கு ஓடினாள். செக்யூரிட்டி நாற்காலியிலிருந்து எழவில்லை.

"தபால் ரூம் சாவியா? அது என்கிட்ட இல்லம்மா. பராமரிப்பு ஆபீஸ்ல ஒண்ணு இருக்கு. காரணம் எழுதி மெயில் போட்டா ரெண்டு மூணு நாள்ல வந்து தெறப்பாங்க."

"ரெண்டு மூணு நாளா?"

"அவசரம்னா அதையும் எழுதுங்க. அதுக்கு ஒரு நாள் கூட ஆகும்."

அவள் செயலாளருக்குப் போன் செய்தாள்.  அவர் பேசியதை அவள் போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக் கேட்டாள்.

"தட்டுல போடச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"எல்லாரும் தெருப் பெட்டியில போடணும்னுதானே சுற்றறிக்கையில எழுதினோம்? யுனிவர்சிட்டி தபால்ல சங்கத்து ஓட்டு போகக் கூடாதுன்னு ஒப்பந்தமே இருக்கும்மா!"

"யாரு சார் அதெல்லாம் படிக்கிறாங்க?"

"நீங்க படிச்சிருக்கணும்!"

  புதுச் சீட்டுக் கேட்கிற தேதி முடிந்துவிட்டது என்று அவரே சொன்னார். எண்ணும் அலுவலகத்திலிருந்து காலையில் தகவல் வந்ததாம். பாதியைத் தொடுவதற்கு மிகக் கொஞ்சம்தான் குறைகிறதாம். வேதியியல் கட்டிடம்தான் நமக்குக் கைகொடுத்திருக்கிறது என்று அவர் காலையிலேயே நாலு பேரிடம் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறார்.

"பராமரிப்பு ஆபீஸ்ல கேட்டுறட்டுமா சார்?"

"கேட்டு? 'உங்களுக்கு எதிரா வேலைநிறுத்தம் பண்ணப் போட்ட ஓட்டு உங்க ரூம்ல மாட்டிக்கிச்சு, தெறந்து விடுங்க'ன்னா? எழுத்துல கேட்டா மொத்த ஓட்டெடுப்பும் செல்லாதுன்னு கோர்ட்டுக்குப் போயிருவாங்க. சத்தம் இல்லாம எடுக்க முடிஞ்சா எடுங்க. இன்னைக்கே பெரிய தபாலாபீஸ்ல கொண்டுபோய்ப் போட்டா காலையில போய்ச் சேந்துரும். இல்லேன்னா..." அவர் முடிக்கவில்லை. "நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்களேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

தன் வார்த்தையை அடுத்தவர் வாயால் கேட்க அவளுக்குக் கூசியது.

ஸ்டோருக்குத் திரும்பி வந்தால், ஜன்னலில் பாதிக்குப்பாதி நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது. கேன்டீன் செய்தி இரண்டாம் மாடி வரை ஏறிவிட்டது போலிருந்தது.

"ஸ்டோரக்கா, ஒரு சின்ன விஷயம். என் பாடத்தையும் எடுக்கப் போறாங்களாம். இன்னும் உறுதியில்ல. ஆனாலும்... அந்த உறை..."

"எந்த உறை சார்?"

"நான் 'இல்லை'ன்னு டிக் போட்டிருந்தேன்." குரல் இறங்கியது. "அதைத் திருப்பி எடுத்து மாத்த முடியுமான்னு..."

ஒரு கணம் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து தொண்டைக்கு வந்தன. மூன்று வாரம் அவர் யோசித்து, அவள் கெஞ்சி, கைபிடித்து இழுத்து வந்த ஓட்டு. அது 'இல்லை'யாம். அதுவும் போகவில்லை. போகாதது நல்லதா கெட்டதா என்று அவரிடமே கேட்டால் இரண்டு பக்கமும் சமமாகச் சொல்வார்.

"தபால்ல போட்டது போட்டதுதான் சார்."

"போயிருச்சா?"

"ஓட்டை எல்லாம் திருப்பி வாங்க முடியாது சார். மேல போங்க. உங்க கிளாஸுக்கு நேரமாச்சு."

போய்விட்டது என்று அவள் சொல்லவில்லை. போகவில்லை என்றும் சொல்லவில்லை. இந்த மனிதரோடு பழகிப் பழகித் தனக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டதே என்று எரிச்சலாக வந்தது. அவர் படியேறுவதைப் பார்த்துவிட்டு, ஸ்டோர் ஜன்னலை இறக்கிப் பூட்டினாள். வேலை நேரத்தில் அவள் அப்படிப் பூட்டியதே இல்லை.

மறுபடியும் வாசலுக்குப் போனாள். இந்தத் தடவை செக்யூரிட்டிக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு போனாள்.

"அண்ணே, அந்த ஒப்பந்தக் கம்பெனிக்காரங்க வருவாங்களே, அவங்ககிட்ட சாவி இருக்குமில்ல?"

"இல்லாமயா? வண்டி ஓட்டிட்டு வர்றவர்கிட்டயே இருக்கும்." டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "ஏம்மா, உங்களுக்குத் தெரிஞ்சவர்தானே? நம்ம தபாலண்ணன்தான் இப்ப அந்த வண்டியில வர்றாரு. கூப்பிட்டா ஓடி வருவாரே, தங்கமான மனுஷன்."

அவளுக்குக் காது சுட்டது.

தபாலண்ணன் என்றால் அந்தத் தபால் அறைதான். குழாய்க்குப் பின்னால் தண்ணீர் இருக்கிற மாதிரி, இத்தனை வருஷமாகத் தட்டுக்குப் பின்னால் அவர் இருந்தார். ஆனால் அவர் ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்த ஆள், சங்க உறுப்பினர் இல்லை. ஆட்குறைப்பு என்று சுற்றறிக்கை வருவதற்கு வெகு முன்னாலேயே, சத்தமில்லாமல் முதலில் ஆளில்லாமல் போன அறை அதுதான். தட்டு தினமும் காலியானதால், அவர் இடத்துக்கு வேறு யாரோ வந்திருப்பார்கள் என்றே அவள் நினைத்துவிட்டாள். வேலை போகிறது என்று தெரிந்த அன்று அவர் ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றார். "என்னம்மா, உங்க சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்று ஆரம்பித்தார். அவள் கையை உயர்த்தினாள். "விடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்."

கேட்கத்தான் செய்தாள். கூட்டத்தில் கடைசி விஷயமாக வந்தது. எல்லாரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "ஒப்பந்தக்காரங்க நம்ம வரம்புக்குள்ள வரமாட்டாங்கம்மா" என்றார் செயலாளர். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தபாலண்ணன் இரண்டு தடவை போன் செய்தார். திரையில் அவர் பேரைப் பார்த்தாள். நல்ல செய்தி ஒன்றும் இல்லாமல் எடுத்து என்ன சொல்வது என்று அடிக்க விட்டாள். மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை.

நிர்வாகக் கட்டிடத்தின் அடித்தளத்துக்கு மறுபடியும் இறங்கினாள். உள்ளே போகப் போக சிக்னல் குறைந்தது. கடைசிப் படியில் சுவரோடு ஒட்டி நின்றால் ஒரு கோடு வந்தது. அங்கிருந்து தபால் அறைக் கதவு தெரிந்தது. கொதிகலன் உறுமுகிற சத்தம். எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்து நின்றது.

மூன்று வாரமாக எத்தனை பேரைக் கெஞ்சியிருக்கிறாள். ஒருத்தரிடமும் இப்படி வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. அவர்களிடம் அவள் கேட்டது அவர்களுக்காகவும்தான். இவரிடம் என்னவென்று கேட்பது? வேலையை இழந்த உங்களுக்காக நாங்கள் ஒரு நிமிடம் ஒதுக்கவில்லை, எங்கள் வேலை போகாமல் இருக்க நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, உங்கள் புது முதலாளிக்குத் தெரியாமல், கதவைத் திறந்துவிடுங்கள் என்றா?

'அண்ணே அவசரம்' என்று செய்தி தட்டினாள். அழித்தாள். 'அண்ணே நல்லா இருக்கீங்களா' என்று தட்டினாள். அதைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. அதையும் அழித்தாள்.

மேலேயிருந்து யாரோ படிக்கட்டில் எட்டிப் பார்த்தார்கள். "ஸ்டோரக்கா, செக்யூரிட்டி சொன்னதாலதான் கண்டுபிடிச்சேன், இங்க என்ன பண்றீங்க? லேப்ல நைட்ரஜன் தீந்து போச்சு, ஜன்னல் வேற பூட்டியிருக்கு!"

"வர்றேன், போங்க!" என்று கத்தினாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக விழுந்தது.

சங்கத்தைப் பற்றி முதலில் பேசக் கூடாது. சாவியைப் பற்றியும் பேசக் கூடாது. நீங்கள் கூப்பிட்டபோது எடுக்கவில்லை, தப்புதான் என்று ஆரம்பித்துவிட வேண்டும். அதற்கப்புறம் அவர் திட்டினால் திட்டட்டும். வைத்துவிட்டால் வைத்துவிடட்டும். பெரிய தபாலாபீஸ் மூடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது, அவர் மட்டும் இந்தப் பக்கம் எங்காவது இருந்தால்.

நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, அந்த ஒரு கோட்டு சிக்னல் போய்விடாமல் போனை அசைக்காமல் பிடித்து, மறுபடியும் அழுத்தினாள். "அண்ணே" என்ற ஒரு சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டிருந்தது.